நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு நிழல்

உடம்பில் வலிக்கத் தெரியாத உறுப்புகள் சில உண்டு. நுரையீரல் அதில் ஒன்று. அதைச் சுற்றியிருக்கும் உறைக்கு வலிக்கும், விலா எலும்புக்கு வலிக்கும், மூச்சுக்குழாய்க்கு இருமத் தெரியும். ஆனால் நுரையீரலுக்குள் ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி வந்து உட்கார்ந்திருந்தாலும் அந்தச் செய்தியை மூளைக்குச் சொல்லியனுப்ப அதனிடம் ஆள் இல்லை. "இவ்வளவு நாள் ஏன் டாக்டரிடம் போகாமல் இருந்தார்?" என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி இருமலில் இருக்கிறது. இருமாத மனிதர் யார்? இருபது வருடமாக பீடி பிடிக்கிறவர் இருபது வருடமாக இருமிக்கொண்டுதான் இருப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது சுவர்க்கடிகாரச் சத்தம் மாதிரி, காதில் விழவே விழாது. அதனால்தான் விவரமான டாக்டர்கள் 'இருமல் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்பதில்லை. 'இருமல் மாறியிருக்கிறதா?' என்று கேட்பார்கள். காலையில் மட்டும் வந்தது இப்போது ராத்திரியிலும் வருகிறதா, சளி கூடியிருக்கிறதா, சளியில் ரத்தக்கோடு தெரிந்ததா. அந்த ரத்தம் ஒரு நூலளவு, ஒரே ஒரு தடவை வந்து நின்றுபோயிருந்தாலும் சரி, நாற்பது வயதைத் தாண்டியவராக இருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது. நின்றுபோய்விட்டதே என்று சந்தோஷப்பட அதில் ஒன்றும் இல்லை.

நுரையீரல் புற்றுநோயின் அறிகுறிகள் பலவும் நுரையீரலின் புகார்கள் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களின் புகார்கள். கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அதன் அக்கம்பக்கம் கத்த ஆரம்பிக்கும். மூச்சுக்குழாயின் உள்ளே வளர்ந்து அடைத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் பகுதியில் சளி தேங்கி நிமோனியா வரும். மருந்து சாப்பிட்டால் சரியாகும், பிறகு அதே இடத்தில் திரும்ப வரும். நிமோனியா இரண்டாம் தடவை அதே இடத்தில் வந்தால் கிருமியை மட்டும் சந்தேகித்தால் போதாது. நெஞ்சின் மேல்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரையை அழுத்தினால் முகம் வீங்கும், கழுத்து நரம்புகள் புடைக்கும். காலையில் எழுந்ததும் வீக்கம் அதிகமாக இருக்கும், குனிந்தால் தலை கனக்கும், சட்டையின் மேல் பொத்தான் போட முடியாது. உறையைத் தொட்டால் மூச்சு இழுக்கும்போது சுருக்கென்று குத்தும், இல்லையென்றால் அங்கே நீர் சேர்ந்து மூச்சு வாங்கும்.

குரல் விஷயம் இன்னும் விசித்திரம். குரல்நாணை அசைக்கும் நரம்பு ஒன்று இடதுபக்கம் போகும் பாதையைப் பார்த்தால் சிரிப்பு வரும். கழுத்திலேயே இருக்கும் குரல்வளைக்குப் போகவேண்டியது, நேராகப் போகாமல் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் புகுந்து, திரும்பவும் மேலே ஏறி வருகிறது. மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகவேண்டிய பஸ் திருநெல்வேலிக்குப் போய்த் திரும்பி வருகிற மாதிரி. அந்த வளைவுக்கு அடியில்தான் இடது நுரையீரலின் நிணநீர்க் கணுக்களும் இருக்கின்றன. புற்று அங்கே பரவினால் நரம்பு நசுங்கி, குரல் கரகரத்துவிடும். தொண்டை கட்டிக்கொண்டது என்று மிளகுக் கஷாயமும் பனங்கற்கண்டுமாக வாரக்கணக்கில் ஓடும். கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தால் தொண்டையில் புண்ணும் இருக்காது, கட்டியும் இருக்காது. இடது குரல்நாண் மட்டும் அசையாமல் நிற்கும். அனுபவசாலியாக இருந்தால் அவர் அடுத்து எழுதுவது தொண்டைக்கு மருந்து அல்ல, நெஞ்சுக்கு எக்ஸ்ரே.

தோள்வலியும் அப்படித்தான். நுரையீரலின் உச்சி கழுத்து எலும்புக்கு மேலே கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அந்த உச்சியில் வருகிற கட்டி கைக்குப் போகும் நரம்புகளைப் பிடித்துக்கொள்ளும். தோளில் ஆரம்பித்த வலி கையின் உள்பக்கமாக சுண்டுவிரல் வரை இறங்கும், உள்ளங்கைச் சதை சூம்பும், சிலருக்கு அதே பக்கத்துக் கண்ணிமை பாதி சரியும், கண்மணி சுருங்கும், முகத்தின் அந்தப் பாதி வியர்க்காது. அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர் ஹென்றி பான்கோஸ்ட் 1924லும் 1932லும் இதைப் பற்றி எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். இந்த நோயாளிகளில் பலருக்கு இருமலே இருக்காது. எலும்பு டாக்டர், கழுத்துப்பட்டை, பிசியோதெரபி என்று மாதக்கணக்கில் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுப்படத்துக்கு வந்து சேருவார்கள்.

விரல் நகத்தையும் பார்க்கவேண்டும். இரண்டு கைகளின் ஒரே விரலை மடக்கி நகத்தோடு நகத்தை ஒட்டவைத்துப் பாருங்கள். நகத்தின் அடிப்பக்கத்தில் சின்னதாக வைர வடிவில் ஒரு இடைவெளி தெரியும். நுனிவிரல் பருத்து நகம் கிளி மூக்கு மாதிரி வளைந்தவர்களுக்கு அந்த இடைவெளி மறைந்துவிடும். தென்னாப்பிரிக்க இதயநோய் மருத்துவர் லியோ ஷாம்ரோத், தனக்கே நோய் வந்தபோது தன் விரலிலேயே இதைக் கவனித்து 1976ல் எழுதினார். (அவருக்கு வந்தது இதயவால்வுக் கிருமித்தொற்று, புற்றுநோய் அல்ல. பிறவி இதயநோயிலும், நாள்பட்ட நுரையீரல் சீழிலும்கூட நகம் இப்படி ஆகும். இதைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் எல்லோரும் விரலை ஒட்டிப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

குரலைப் பற்றிப் பேசும்போது இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் 1940களின் ஆரம்பத்தில் அச்சடித்த வெள்ளி நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும் தலை இவருடையது. கடுமையான சிகரெட் பழக்கம். கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு 1949லேயே ஒரு ஆபரேஷன் ஆகியிருந்தது. 1951 கோடையின் ஆரம்பத்தில் காய்ச்சலும் இருமலும் வந்தன. இடது நுரையீரலில் அழற்சி என்று சொல்லி பெனிசிலின் போட்டார்கள். இருமல் போகவில்லை. செப்டம்பரில் திரும்ப எக்ஸ்ரே எடுத்தார்கள், டோமோகிராம் எடுத்தார்கள். டோமோகிராம் என்பது இன்றைய சி.டி. ஸ்கேனுக்குத் தாத்தா. எக்ஸ்ரே குழாயும் ஃபிலிமும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தால் உடம்பின் ஒரே ஒரு தளம் மட்டும் தெளிவாக விழும், மற்றதெல்லாம் கலங்கிவிடும் என்கிற தந்திரம். அதிலும், பிறகு மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு எடுத்த சதையிலும் விஷயம் தெரிந்துவிட்டது. 1951 செப்டம்பர் 23ம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஒரு அறையை ஆபரேஷன் தியேட்டராக மாற்றி, கிளெமென்ட் பிரைஸ் தாமஸ் என்ற அறுவை நிபுணர் இடது நுரையீரலை முழுதாக எடுத்தார்.

மக்களுக்கு என்ன சொன்னார்கள்? நுரையீரலில் 'அமைப்பு மாற்றங்கள்' என்றார்கள். மன்னரிடமும் மூச்சுக்குழாயில் அடைப்பு, அதனால் எடுக்கவேண்டியிருக்கிறது என்றுதான் சொன்னார்கள். புற்றுநோய் என்ற வார்த்தை அவர் காதுக்குப் போகவே இல்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸ் வானொலி உரையை, எப்போதும் நேரடியாகப் பேசுகிறவர், துண்டு துண்டாக முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுக்கத் திக்குவாயோடு மல்லுக்கட்டியவருக்குக் கடைசியில் மிஞ்சியது கரகரத்த குரல். 1952 பிப்ரவரி 6ம் தேதி தூக்கத்திலேயே இறந்தார். இதய ரத்தக்குழாய் அடைப்பு என்று அறிவித்தார்கள். வயது 56.

ஒரு நுரையீரலை முழுதாக எடுத்தும் ஆள் பிழைக்க முடியும் என்பதே அப்போது பழைய செய்தி அல்ல. 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்பவர் புற்றுநோய்க்காக ஒரே அமர்வில் அதைச் செய்து காட்டினார். நோயாளியும் ஒரு டாக்டர்தான், பிரசவ மருத்துவர். கிரஹாமே சிகரெட் பிடிக்கிறவர். 1950ல் எர்ன்ஸ்ட் விண்டர் என்ற மாணவரோடு சேர்ந்து, சிகரெட்டுக்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பை 684 நோயாளிகளை வைத்து எழுதியவரும் அவரேதான். பிறகு புகைப்பதை விட்டார். 1957ல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். அவர் அறுத்த நோயாளி 1963 வரை இருந்தார்.

சரி, படத்துக்கு வருவோம். 1895ல் ரான்ட்ஜென் கண்டுபிடித்ததிலிருந்து தத்துவம் மாறவில்லை. எக்ஸ்ரேயில் காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை, நீரும் சதையும் நடுவில் சாம்பல். நுரையீரல் முழுக்கக் காற்று, ஆகவே கறுப்பு. அதில் கட்டி இருந்தால் வெள்ளையாகத் தெரியும். எல்லோரும் 'நிழல்' என்று சொல்வது உண்மையில் ஒரு வெளிச்சப் புள்ளி, பெயர்தான் தலைகீழ். 3 சென்டிமீட்டருக்குக் கீழே வட்டமாக இருந்தால் முடிச்சு என்பார்கள், பழைய டாக்டர்கள் நாணயம் என்பார்கள். அதற்கு மேலே போனால் கட்டி. சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் படவேண்டுமானால் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டராவது இருந்தால்தான் உத்தரவாதம். அந்த 1 சென்டிமீட்டர் உருண்டையில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். ஒரே ஒரு செல் ஏறக்குறைய 30 தடவை இரட்டித்த கணக்கு அது. இன்னும் 10 தடவை இரட்டித்தால் கட்டி 1 கிலோ, அதற்குள் ஆள் இருக்கமாட்டார். அதாவது எக்ஸ்ரேயில் 'ஆரம்பத்திலேயே' கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்வது, ஆட்டத்தில் முக்கால்வாசி முடிந்தபிறகு ஸ்கோர் கேட்பது மாதிரி.

எல்லா நாணயமும் புற்று அல்ல. ஓரம் வழவழப்பாக இருந்தால் நல்ல அறிகுறி, ஓரத்திலிருந்து சூரியக்கதிர் மாதிரி நார் நாராகக் கிளம்பினால் கெட்ட அறிகுறி. உள்ளே சுண்ணாம்பு ஒரே கட்டியாக நடுவில் படிந்திருந்தாலோ, பாப்கார்ன் மாதிரி சிதறியிருந்தாலோ அநேகமாகத் தொல்லை இல்லாதது. நடுவில் குழி விழுந்து, குழியின் சுவர் தடித்து ஒழுங்கற்று இருந்தால் சந்தேகம். மூச்சுக்குழாய் அடைபட்டு வலது மேல்பகுதி சுருங்கும்போது, அதன் கீழ்விளிம்பு ஆங்கில எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல் வளைந்து தெரியும். சுருங்கியதால் மேலேறிய பாதியும், நடுவில் கட்டி பிதுக்கிய பாதியும் சேர்ந்து வருகிற வளைவு அது. ராஸ் கோல்டன் 1925ல் எழுதியது. நூறு வருடத்துக்கு அப்புறமும் மாணவர்களிடம் பரீட்சையில் கேட்கிறார்கள் என்றால் சும்மா இல்லை.

இவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ள ஒரு சாட்சி உண்டு: பழைய எக்ஸ்ரே. கட்டியின் கொள்ளளவு இரண்டு மடங்கானாலும் குறுக்களவு 26 சதவீதம்தான் கூடும். 10 மில்லிமீட்டர் 12.6 ஆகும், அவ்வளவே. கண்ணால் பார்த்தால் 'அப்படியேதான் இருக்கிறது' என்று தோன்றும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் தெரியும். திடமான முடிச்சு இரண்டு வருடமாக வளரவில்லை என்றால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். நம் வீடுகளிலோ பழைய எக்ஸ்ரே கவரோடு பரணுக்குப் போகும், அடுத்த போகிக்கு அங்கிருந்தும் போய்விடும்.

எக்ஸ்ரே ஒளித்துவைக்கும் இடங்களும் இருக்கின்றன. இதயத்துக்குப் பின்னால், கழுத்து எலும்புக்கும் முதல் விலாவுக்கும் அடியில், உதரவிதானத்தின் குவிமாடத்துக்குக் கீழே. அறிகுறியோடு வந்து பிறகு புற்றுநோய் என்று உறுதியானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருடைய முதல் எக்ஸ்ரே அதைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. 'எக்ஸ்ரே நார்மல், ஒன்றும் இல்லை' என்பதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அவசரம்.

படம் காட்டினாலும் கண் பார்க்கவேண்டுமே. 2013ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை வெளியானது. 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தை நைசாகச் சேர்த்துவிட்டார்கள். சராசரி முடிச்சைப்போல 48 மடங்கு பெரிய கொரில்லா! 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவி, அவர்களில் பலர் கொரில்லாவை நேராகப் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டியது. அவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் கண் தேடும். அதனால் எக்ஸ்ரே சீட்டில் 'இருமல்' என்று மட்டும் எழுதி அனுப்புவதற்கும், 'சளியில் ரத்தம், 30 வருட பீடி, இடது தோள்வலி' என்று எழுதி அனுப்புவதற்கும் வித்தியாசம் நிறைய.

நம்மூரில் தேடுவது என்ன? டி.பி. தேடுவதில் தப்பே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை என்பது அரசின் திட்டம், அவசியமான திட்டம். இருமல், ரத்தம், எடை குறைவு, மாலைக் காய்ச்சல், மேல்பகுதியில் குழியோடு நிழல் — இரண்டு நோய்களும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன. ஆபத்து எங்கே என்றால், சளியில் கிருமியே கிடைக்காதபோது எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ஆறு மாத மாத்திரையை ஆரம்பிப்பதில். மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் நோயாளிக்குக் கொஞ்சம் தேவலை என்றும் ஆகும். காரணம், ரிஃபாம்பிசின் டி.பி. கிருமியை மட்டுமல்ல, வேறு பல கிருமிகளையும் கொல்லும். அடைப்புக்குப் பின்னால் இருந்த நிமோனியா அடங்கும், காய்ச்சல் இறங்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், மருந்து வேலை செய்கிறது என்று வீடே நம்பும். கட்டி பாட்டுக்கு வளரும். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் பலர் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வரும்போது கையில் டி.பி. சிகிச்சை அட்டையோடு வருகிறார்கள் என்பது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட விஷயம். கிருமி கிடைக்காமல் மருந்து ஆரம்பித்திருந்தால், ஓரிரு மாதத்தில் திரும்பப் படம் எடுத்து நிழல் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுருங்காவிட்டால் மாத்திரையை மாற்றுவதற்கு முன்னால் சதை எடுத்துப் பார்க்கவேண்டும்.

'அவள் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை, அவளுக்கெப்படி?' என்பதும் தாமதத்துக்கு ஒரு காரணம். புகைக்காதவர்களுக்கும், குறிப்பாக ஆசியப் பெண்களுக்கும், அடினோகார்சினோமா என்ற வகை கணிசமாக வருகிறது. 2004ல் கண்டுபிடித்த இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இவர்களிடம்தான் அதிகம், அதற்கு மாத்திரையாகவே மருந்து இருக்கிறது. ஆகவே சதை எடுப்பது 'புற்றா இல்லையா' என்று பார்க்க மட்டுமல்ல, எந்த மருந்து என்று தீர்மானிக்கவும்தான்.

சி.டி. ஸ்கேன் சங்கதியே வேறு. 1971ல் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது, இன்று நெஞ்சு முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறது. நெஞ்சுக்கு எழுதிய ஸ்கேனில் வயிற்றின் மேல்பாதியையும் சேர்த்து எடுப்பார்கள், கல்லீரலுக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க. பெட் ஸ்கேன் சர்க்கரையை உறிஞ்சும் இடங்களை ஒளிரவைக்கும், ஆனால் டி.பி.யும் அதே மாதிரி ஒளிரும். பணம் செலவழித்த பிறகும் குழப்பம் தீராத இடம் அது.

அறிகுறி வருமுன்பே சி.டி. எடுத்தால்? அமெரிக்காவில் 53,454 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2011ல் வெளியானது. 55 முதல் 74 வயது வரை, நிறையப் புகைத்தவர்கள். வருடம் ஒன்றாக மூன்று தடவை குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தவர்களிடம், வெறும் எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. மறுபக்கம், சி.டி.யில் சந்தேகம் என்று வந்தவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் புற்று அல்ல. டி.பி. தழும்பு ஆயிரக்கணக்கான நெஞ்சுகளில் இருக்கும் நாட்டில் அந்தத் திட்டத்தை அப்படியே கொண்டுவந்தால், பயந்துபோய் ஊசிக் குத்தலுக்கு நிற்கும் வரிசை எவ்வளவு நீளும் என்று யோசிக்கவேண்டும். 2022ல் மட்டும் உலகத்தில் சுமார் 25 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்தது, சுமார் 18 லட்சம் பேர் இறந்தார்கள். திட்டம் வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டும் இருக்க முடியாது.

கடைசியாக, மன்னருக்கு நடந்தது இங்கே இன்றும் தினம் நடக்கிறது. ஸ்கேன் கவரை மகன் வாங்கிக்கொள்வார், டாக்டரின் அறைக்கு வெளியே நின்று, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்பார். அப்பாவிடம் 'சளிக்கட்டி' என்று சொல்லப்படும். பாசம்தான், மறுக்க முடியாது. ஆனால் இந்த நோய் எலும்புக்கும் மூளைக்கும் போகக்கூடியது. அடுத்த அறிகுறியை முதலில் உணரப்போகிறவர் அந்த அப்பா ஒருவர்தான். சளிக்கட்டி என்று நம்புகிறவர் புதிதாக முதுகு வலித்தால் யாரிடமும் சொல்லமாட்டார், தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார். முதுகெலும்புக்குள் பரவிய கட்டி தண்டுவடத்தை நசுக்கும்போது முதலில் வருவது அந்த வலிதான். கால் மரத்து, தள்ளாடி, சிறுநீர் கட்டுப்படாமல் போவது அதற்குப் பிறகு. நடக்க முடிகிறபோதே எம்.ஆர்.ஐ. எடுத்து கதிர்வீச்சோ ஆபரேஷனோ செய்தால் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் விழுந்தபிறகு வந்தால் திரும்ப நடப்பவர்கள் குறைவு. அந்த இடைவெளி சிலருக்குச் சில நாட்கள், சிலருக்குச் சில மணி நேரம்.